பன்ட்லாந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமாலியாவைப் பற்றி எப்போது பேச நேர்ந்தாலும், என்னிடம் திரும்பத் திரும்ப வந்து சேரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்நாட்டின் வடகிழக்கு மூலையைப் பற்றியவை. கப்பலில் வேலை செய்யும் மகனை உடைய பெற்றோர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இரண்டு வரைபடங்களில் இரண்டு விதமான எல்லையைப் பார்த்துக் குழம்பிய ஆசிரியர்கள் எனப் பலரும் கேட்டவற்றை, இயன்றவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. அரசியல் நிலவரம் 2025ஆம் ஆண்டு வரையிலானது.

1. பன்ட்லாந்து தனி நாடா, மாநிலமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மாநிலம். சோமாலியக் கூட்டாட்சிக் குடியரசின் உறுப்பு மாநிலங்களுள் ஒன்று. அதற்குத் தனி அரசியலமைப்பு, தனி நாடாளுமன்றம், தனி அதிபர், தனிக் கொடி, தனிப் படைகள் எல்லாம் இருப்பதால் நாடு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அது ஒருபோதும் சுதந்திரப் பிரகடனம் செய்ததில்லை. சோமாலியாவின் பிரிக்க முடியாத பகுதியாகவே தன்னைக் கருதுகிறது.

ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும். பன்ட்லாந்து 1998இல் உருவானது. சோமாலியாவைக் கூட்டாட்சி என்று அறிவித்த தற்காலிக அரசியலமைப்பு 2012இல் வந்தது. அதாவது மாநிலம் முதலில் பிறந்தது. அது உறுப்பு வகிக்கும் கூட்டாட்சி 14 ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது. மையம் கொடுத்த அதிகாரத்தில் வாழும் மாநிலம் அன்று இது. மையம் இல்லாத காலத்தில் தன்னைத் தானே கட்டிக்கொண்ட மாநிலம்.

2. சோமாலிலாந்து என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, குறிக்கோளில் நேர் எதிரானவை. சோமாலிலாந்து பழைய பிரித்தானியக் காப்பரசு இருந்த வடமேற்குப் பகுதி. அது 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்து, தனி நாடாக ஏற்கப்பட வேண்டும் என்று கோரி வருகிறது. அதன் தலைநகர் ஹர்கேசா.

பன்ட்லாந்து பழைய இத்தாலிய சோமாலிலாந்தின் வடகிழக்குப் பகுதி. பிரிவினை அதன் நோக்கமில்லை. சோமாலியா கூட்டாட்சியாக இருக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க கால நிலைப்பாடு. இவ்விரண்டுக்கும் இடையே நிலத் தகராறும் உண்டு. அதைப் பதினாறாம் கேள்வியில் பார்க்கலாம்.

3. ‘பன்ட்’ என்றால் என்ன? சோமாலிச் சொல்லா?

சோமாலிச் சொல் இல்லை. பண்டைய எகிப்தியர் நறுமணப் பிசின்களையும் தந்தத்தையும் தேடிக் கப்பலில் சென்ற நாட்டுக்குப் ‘பன்ட்’ என்று பெயரிட்டிருந்தனர். எகிப்திய அரசி ஹத்ஷெப்சுத் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் அங்கே அனுப்பிய கப்பல்களையும், அவை ஏற்றி வந்த மரக்கன்றுகளையும் டெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவர்களில் இன்றும் காணலாம். அந்த நாடு செங்கடலின் தென்கோடியை ஒட்டிய ஆப்பிரிக்கப் பகுதியில் எங்கோ இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வேறுபாடில்லை. எந்தெந்த இன்றைய நாடுகள் அதில் அடங்கும் என்பதில்தான் வாதம். ஆகவே 1998இல் சூட்டப்பட்ட இப்பெயரை ஒரு பெருமித நினைவாகக் கொள்ள வேண்டுமே தவிர, எல்லைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

4. வரைபடத்தில் எங்கே தேடுவது? நிலம் எப்படிப்பட்டது?

ஆப்பிரிக்காவின் கொம்பு என்று சொல்கிறோமே, அந்தக் கொம்பின் நுனியே பன்ட்லாந்து. வடக்கே ஏடன் வளைகுடா, கிழக்கே இந்தியப் பெருங்கடல், மேற்கே எத்தியோப்பியாவும் சோமாலிலாந்தும், தெற்கே கல்முதுக் மாநிலம். தான் உரிமை கோரும் பகுதிகளையும் சேர்த்தால் சோமாலியாவின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2,12,000 சதுர கி.மீ. வரும். சோமாலியக் கடற்கரையில் ஏறத்தாழப் பாதி இதனிடம் இருக்கிறது.

கொம்பின் நுனியில் இருக்கும் முனைக்குக் கர்டாஃபுயி முனை என்று பெயர். சோமாலியில் ராஸ் அசீர். இத்தாலியர் 1920களில் அங்கே கட்டிய கலங்கரை விளக்கத்தின் கற்கோபுரம் இன்னும் நிற்கிறது. அதற்குத் தெற்கே ராஸ் ஹஃபூன். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி இதுதான். தீவுபோல் தனித்து நிற்கும் இந்தக் குன்றை ஒரு மெல்லிய மணல் திட்டு மட்டுமே கரையோடு இணைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடு ஒன்று ‘ஓப்போனே’ என்று குறிக்கும் துறைமுகம் இந்த ஹஃபூனே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து நெய், அரிசி, எள்ளெண்ணெய், துணி ஆகியவை இந்தக் கரைக்கு வந்ததாக அக்கையேடு சொல்கிறது. அதே கையேடுதான் முசிறியைப் பற்றியும் பேசுகிறது என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

வடகரையை ஒட்டி மலைத்தொடர்கள் சுவர்போல் எழுகின்றன. பாரி வட்டாரத்தில் அல் மிஸ்காத். மேற்கே சனாக் வட்டாரத்தில் அல் மடோவ். சோமாலியாவின் மிக உயர்ந்த சிகரமான ஷிம்பிரிஸ், 2,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துடன் சனாக்கில்தான் இருக்கிறது. மலைகளுக்குத் தெற்கே வறண்ட மேட்டுநிலமும் நுகால் பள்ளத்தாக்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை பெய்தால் மட்டும் ஓடும் நுகால் காட்டாறு, எயில் என்ற ஊரில் கடலைத் தொடுகிறது.

5. ஆறே இல்லை என்றால் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? மழை உண்டா?

இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் ‘கூ’ முதன்மையானது. அக்டோபர், நவம்பரில் பெய்யும் ‘டெய்ர்’ அதைவிடக் குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை நீளும் ‘ஜிலால்’ வறட்சிக் காலந்தான் மேய்ச்சல்காரர்கள் மிகவும் அஞ்சும் பருவம். மழைநீரைத் தரையில் வெட்டிச் சிமெண்டு பூசிய ‘பெர்கத்’ என்ற தொட்டிகளில் சேமிக்கிறார்கள். தொட்டி வற்றினால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். அந்த விலை ஏறும்போது ஆட்டின் விலை இறங்குகிறது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ‘ஹகா’ பருவத்தில் வடகரையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். பொசாசோவில் வசதி உள்ளவர்கள் மேட்டுநிலத்து ஊர்களுக்குச் சென்று தங்கிவிடுகிறார்கள். கிழக்குக் கரையிலோ, நமக்கு மழை கொண்டு வரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்து மீன்பிடிப்பையும் சிறுபடகுப் போக்குவரத்தையும் நிறுத்திவிடுகிறது. அந்த மாதங்களைச் சோமாலியர் ‘கடல் மூடிய காலம்’ என்கிறார்கள்.

6. அங்கேயும் சுனாமி அடித்ததாமே, உண்மையா?

உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே எழுந்து தமிழ்நாட்டுக் கரையையும் இலங்கையையும் அழித்த அதே அலை, ஏறத்தாழ 5,000 கி.மீ. கடந்து சில மணி நேரத்துக்குப் பின் ஹஃபூனைத் தாக்கியது. சோமாலியாவில் சுமார் 300 பேர் இறந்தனர்; ஆப்பிரிக்கக் கண்டத்தில் மிகுந்த உயிரிழப்பு அங்கேதான். நான்காம் பதிலில் சொன்ன மணல் திட்டு நிலப்பரப்பை நினைத்துக்கொண்டால், ஏன் ஹஃபூன் தப்ப முடியவில்லை என்பது விளங்கும். நாகப்பட்டினத்தில் மக்கள் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த அதே நாளில், பெயரே கேள்விப்படாத ஒரு மீனவ ஊரும் அதையே செய்துகொண்டிருந்தது.

புயல்களும் இந்தக் கரையைத் தொடுகின்றன. 2013 நவம்பரில் வந்த புயல் மனிதர்களையும் ஆயிரக்கணக்கான கால்நடைகளையும் கொன்றது. 2020 நவம்பர் 22 அன்று ஹஃபூன் அருகே கரை கடந்த ‘கதி’, பதிவானவற்றில் சோமாலியாவைத் தாக்கிய மிக வலிமையான புயல்.

7. தலைநகர் பொசாசோதானே? செய்திகளில் அந்தப் பெயர்தான் அதிகம் வருகிறது.

தலைநகர் கரோவே. நுகால் வட்டாரத்தில், தெற்கே கால்காயோவிலிருந்து வடக்கே பொசாசோ வரை செல்லும் நெடுஞ்சாலையின் நடுவில் இருக்கிறது. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் பன்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழகமும் அங்கேதான்.

பொசாசோ பாரி வட்டாரத்தின் துறைமுக நகரம். பழைய பெயர் பந்தர் காசிம். 1991க்கு முன் அது ஒரு சிறு துறைமுகம். உள்நாட்டுப் போரில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவிலிருந்து தப்பி வந்தவர்களாலும், தெற்குத் துறைமுகங்கள் முடங்கியதால் திரும்பிய வணிகத்தாலும் சில ஆண்டுகளுக்குள் பெருநகரமாகிவிட்டது. அரசின் வருவாயில் பெரும்பங்கு பொசாசோவின் சுங்கத்திலிருந்து வருவதால், ஆட்சி கரோவேயில், பணம் பொசாசோவில் என்பது அங்குள்ள அரசியலின் நிலையான இழுபறி.

8. மக்கள்தொகை எவ்வளவு?

உள்நாட்டுப் போருக்குப் பின் சோமாலியாவில் முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததில்லை. ஐ.நா. உதவியுடன் 2014இல் வெளியான மதிப்பீடு நாடு முழுவதற்கும் 1 கோடியே 23 லட்சம் என்றது. அதில் பாரிக்கு ஏறத்தாழ 7.2 லட்சம், நுகாலுக்கு 3.9 லட்சம். முதுக், சூல், சனாக் ஆகியவற்றில் எவ்வளவு பன்ட்லாந்தைச் சேர்ந்தது என்பதே தகராறாக இருப்பதால், யார் கூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து மொத்தம் மாறும். ஒரே எண்ணை உறுதியாகச் சொல்லும் கட்டுரையைக் கண்டால் சற்று எச்சரிக்கையுடன் படியுங்கள்.

9. மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?

முதலில் கால்நடை. ஆடு, செம்மறி, ஒட்டகம், மாடு ஆகியவை பொசாசோ வழியாகச் சவூதி அரேபியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. ஹஜ் காலத்துக்கு முந்தைய வாரங்களில் வணிகம் உச்சத்தில் இருக்கும். 2000இல் ஒரு கால்நடைக் காய்ச்சலைக் காரணம் காட்டிச் சவூதி விதித்த தடை 2009 வரை நீடித்தபோது மேய்ச்சல் குடும்பங்கள் பட்ட அடி பெரிது. அடுத்து மீன், சிங்கி இறால். வெளிநாடுகளில் வாழும் உறவினர் அனுப்பும் பணமும் பல குடும்பங்களைத் தாங்குகிறது.

குந்திரிக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். தேவாலயங்களில் புகைக்கப்படும் இந்தப் பிசினின் பெருமளவு உலகச் சந்தைக்கு இந்த மலைகளிலிருந்தே வருகிறது. ‘மய்தி’, ‘பேயோ’ என இரு வகைகள். செங்குத்தான பாறைச் சரிவில் வளரும் மரத்தின் பட்டையைச் சீவி, கசியும் பால் இறுகியபின் சுரண்டி எடுப்பார்கள். மரங்கள் குடும்பம் குடும்பமாகப் பரம்பரை உரிமையில் இருக்கின்றன. எண்ணெய்க்கான தேவை உலகில் உயர்ந்த பிறகு, ஓய்வு கொடுக்காமல் மரத்தைச் சீவும் வழக்கம் பரவி மரங்கள் பட்டுப்போகின்றன. எகிப்திய அரசி கப்பல் அனுப்பிய காலத்திலிருந்து தொடரும் ஒரு தொழில் நம் கண்முன் தேய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நாணயம் சோமாலிய ஷில்லிங். மைய வங்கி செயலற்றிருந்த காலத்தில் பன்ட்லாந்திலேயே நோட்டுகள் அச்சிடப்பட்டுப் புழக்கத்தில் விடப்பட்டதால் அதன் மதிப்பு சரிந்தது. இன்று சந்தையில் காய்கறி வாங்குவதற்குக்கூட அமெரிக்க டாலரைக் கைப்பேசி வழியாகவே செலுத்துகிறார்கள்.

10. 1998இல் என்னதான் நடந்தது? யார் இதை உருவாக்கினார்கள்?

சியாத் பாரேயின் ஆட்சி 1991 ஜனவரியில் வீழ்ந்தபோது சோமாலிய அரசு என்ற ஒன்றே இல்லாமற் போனது. வடகிழக்கில் ‘சோமாலிய மீட்பு ஜனநாயக முன்னணி’ என்ற இயக்கம் ஓரளவு ஒழுங்கைக் காத்தது. 1978இல் பாரேக்கு எதிரான ராணுவக் கிளர்ச்சி தோற்றபின் தப்பிச் சென்ற கர்னல் அப்துல்லாஹி யூசுப் அகமது அதன் நிறுவனர்களுள் ஒருவர். மொகதிசுவில் அரசு அமைக்கும் மாநாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றதைக் கண்ட வடகிழக்கின் குலமூப்பர்கள், அரசியல்வாதிகள், வணிகர்கள் கரோவேயில் கூடிப் பல வாரங்கள் விவாதித்தனர். 1998 ஆகஸ்ட் 1 அன்று பன்ட்லாந்து அறிவிக்கப்பட்டது. அப்துல்லாஹி யூசுப் முதல் அதிபரானார். 2004இல் அவர் சோமாலியா முழுவதற்கும் அதிபராகத் தேர்வானார்.

கூரை இடிந்த வீட்டில் ஓர் அறையை மட்டும் முதலில் கட்டிக்கொண்டு, மற்ற அறைகள் எழும்போது அவற்றோடு சேர்ந்துகொள்வோம் என்பதுதான் அவர்கள் எண்ணம். 2011 டிசம்பரிலும் 2012 பிப்ரவரியிலும் கூட்டாட்சி அரசியலமைப்புக்கு வழி வகுத்த இரு மாநாடுகளும் கரோவேயிலேயே நடந்தன என்பது இதற்குச் சான்று.

11. அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களா?

இதுவரை இல்லை. 66 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம் அதிபரையும் துணை அதிபரையும் ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. அந்த 66 பேரையும் ‘இசிம்’ எனப்படும் குலமூப்பர்கள் தத்தம் கிளைகளின் ஒதுக்கீட்டின்படி நியமிக்கிறார்கள்.

முறை மறைமுகமானது என்பதால் போட்டி போலியானது என்று எண்ண வேண்டாம். 2014 ஜனவரி 8 அன்று, பதவியிலிருந்த அதிபர் அப்திரஹ்மான் ஃபரோலே, முன்னாள் சோமாலியப் பிரதமர் அப்திவேலி முகமது அலி காஸிடம் 33க்கு 32 என ஒரே வாக்கில் தோற்றார். தோல்வியை ஏற்று விலகினார். அவருக்கு முந்தைய அதிபர் அத்தே மூசாவும், பிந்தைய அதிபர் காஸும் மறுதேர்தலில் தோற்றவர்களே. அந்த வரிசையை முறித்தவர் சயித் அப்துல்லாஹி தெனி. 2019இல் பதவிக்கு வந்த இவர், 2024 ஜனவரி 8 அன்று 45க்கு 21 என்ற வாக்குகளில் மீண்டும் வென்றார்.

12. எல்லாமே குலம்தானா? அப்படியானால் அது என்ன ஜனநாயகம்?

குலம் அடித்தளம் என்பதை மறுக்க முடியாது. பன்ட்லாந்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தாரோத் பெருங்குலத்தின் ஹார்த்தி கிளையினர். அதிபர் மஜேர்தீன், துணை அதிபர் துல்பஹந்தே, நாடாளுமன்றத் தலைவர் வர்சங்கலி என மூன்று உட்பிரிவுகளுக்கு மூன்று பதவிகள் என்பது பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். ஆனால் குலம் அங்கே அடையாளமாக மட்டும் இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில், கொலைக்கு ஈடு கட்டுவதும் கிணற்றுத் தகராறைத் தீர்ப்பதும் ‘ஹேர்’ என்னும் குலவழி மரபுச் சட்டந்தான். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அதைப் பழிப்பது நியாயமாகாது.

அதன் குறை என்னவென்றால், பெண்களுக்கும் சிறு குழுக்களுக்கும் அந்த அவையில் இடம் மிகக் குறைவு. மாற்றம் கோரும் குரல்கள் வெளியிலிருந்து வருவதைவிட அங்குள்ள இளைஞர்களிடமிருந்தும் பெண்களிடமிருந்துமே வலுவாக எழுகின்றன.

13. அப்படியானால் மக்கள் வாக்குப்பெட்டியைப் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் 25 அன்று கர்தோ, எயில், உஃபெய்ன் ஆகிய மூன்று மாவட்டங்களில் உள்ளாட்சி மன்றங்களுக்கு ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ முறையில் சோதனைத் தேர்தல் நடந்தது. 2023 மே 25 அன்று அது 30 மாவட்டங்களுக்கு விரிந்தது. 1969க்குப் பின் சோமாலியாவில், சோமாலிலாந்தைத் தவிர்த்து, வேறெங்கும் இந்த அளவில் நேரடித் தேர்தல் நடந்திருக்கவில்லை.

ஆனால் தலைநகர் கரோவே உட்பட நுகாலின் சில மாவட்டங்களில் பாதுகாப்புக் காரணத்தால் வாக்குப்பதிவு நடக்கவில்லை. அடுத்த மாதமே, அரசியலமைப்பைத் திருத்தி அதிபர் தமது பதவிக்காலத்தை நீட்டிக்க முயல்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2023 ஜூன் 20 அன்று கரோவேயில் நடந்த மோதலில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மூப்பர்கள் தலையிட்டு, நாடாளுமன்றத் தேர்தலைப் பழைய முறையிலேயே நடத்தச் செய்தனர். பதினோராம் பதிலில் சொன்ன 2024 தேர்தல் அப்படி நடந்ததுதான்.

14. கடற்கொள்ளையர்களின் ஊர் இதுதானே? மகன் கப்பலில் போகிறான், பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது, அதற்குக் காரணமும் இருந்தது. 2008 முதல் 2011 வரை கடத்தப்பட்ட கப்பல்கள் பல எயில், கரஅத் போன்ற ஊர்களின் கரையில்தான் நிறுத்தி வைக்கப்பட்டன. அரசில்லாத கடலில் வெளிநாட்டு இழுவைப் படகுகள் மீனை வாரிச் சென்றது உள்ளூர் மீனவர்களின் கோபத்தைக் கிளறியது உண்மை. ஆனால் பின்னாளில் அது மீனவர்களின் தற்காப்பாக இல்லாமல், முதலீட்டாளர்களைக் கொண்ட ஆட்கடத்தல் தொழிலாகிவிட்டது. பன்னாட்டுக் கடற்படைகள், கப்பல்களில் ஆயுதக் காவலர்கள், கரையில் மூப்பர்களின் எதிர்ப்பு, 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆதரவுடன் அமைக்கப்பட்ட பன்ட்லாந்து கடல்சார் காவல் படை ஆகிய அனைத்தும் சேர்ந்து 2012க்குப் பின் அதை ஒடுக்கின. தண்டனை பெற்ற கொள்ளையர் பலர் கரோவே, பொசாசோ சிறைகளில் அடைக்கப்பட்டனர்.

முற்றிலும் ஒழிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். 2017 மார்ச் 13 அன்று எட்டு இலங்கை மாலுமிகளுடன் ‘ஏரிஸ் 13’ என்ற எண்ணெய்க் கப்பல் கடத்தப்பட்டு அலூலா அருகே நிறுத்தப்பட்டது. கடல்சார் காவல் படை வளைத்துக்கொண்டதோடு, சரக்கைக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர்கள் சோமாலிய வணிகர்கள் என்பதும் தெரிய வரவே, மூன்றே நாட்களில் பிணைத்தொகை இல்லாமல் விடுவித்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட ‘ரூயென்’ கப்பலை 2024 மார்ச் 16 அன்று இந்தியக் கடற்படை மீட்டு, 35 கொள்ளையர்களைப் பிடித்தது. ஆகவே உங்கள் மகனின் கப்பல் அந்த வழியில் சென்றால், பாதுகாப்பு விதிகளை நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அது வீண் பயமில்லை.

அதே கரஅத்தில் 2022 அக்டோபரில் ஒரு புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. உள்ளூர் மக்களும் வெளிநாடுவாழ் சோமாலியரும் பங்கு போட்டுக் கட்டியது. கொள்ளையர் ஊர் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

15. ஐ.எஸ். அமைப்பு அங்கே மலையில் ஒளிந்திருந்ததாகப் படித்தேனே?

ஆம். அல்-ஷபாப் என்ற சோமாலியத் தீவிரவாத அமைப்பிலிருந்து பிரிந்த அப்துல்காதிர் மூமின் 2015 அக்டோபரில் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் அறிவித்தார். 2016இல் கந்தலா என்ற கடற்கரை ஊரைச் சில வாரங்கள் பிடித்து வைத்திருந்த அந்தக் குழு, பின்னர் அல் மிஸ்காத் மலைக் குகைகளில் வேரூன்றி, பொசாசோ வணிகர்களை மிரட்டிப் பணம் பறித்தது. 2024 டிசம்பர் இறுதியில் பன்ட்லாந்துப் படைகள் ‘ஹிலாச்’ என்ற பெயரில் பெரும் தாக்குதலைத் தொடங்கின. ‘மின்னல்’ என்பது அதன் பொருள். 2025இல் அமெரிக்க வான்தாக்குதல்களும் துணை நின்றன; குழுவின் தளங்கள் பல கைப்பற்றப்பட்டன. தரைப்போரைப் பெரும்பாலும் மாநிலத்தின் சொந்தப் படைகளே நடத்தின என்பது, அடுத்தடுத்த பதில்களில் வரும் மைய–மாநிலப் பூசலைப் புரிந்துகொள்ள உதவும்.

16. ஒரு வரைபடத்தில் சூலும் சனாக்கும் பன்ட்லாந்தில் இருக்கின்றன, இன்னொன்றில் சோமாலிலாந்தில். எது சரி?

இரண்டு தரப்பும் வெவ்வேறு அளவுகோலால் அளக்கின்றன. சோமாலிலாந்து பிரித்தானியரும் இத்தாலியரும் 1894இல் வகுத்த காலனிய எல்லையைக் காட்டுகிறது. அதன்படி சூலும் சனாக்கும் அதற்குள் வரும். பன்ட்லாந்து உறவுமுறையைக் காட்டுகிறது. பன்னிரண்டாம் பதிலில் சொன்ன துல்பஹந்தே, வர்சங்கலி மக்கள் அங்கு வாழ்வதாலும், அவர்களின் மூப்பர்கள் 1998 மாநாட்டில் பங்கேற்றதாலும் அது தன் நிலம் என்கிறது.

சூலின் தலைநகர் லாஸ் அனோதை 2007இல் சோமாலிலாந்து பிடித்தது. 2023 பிப்ரவரியில் அங்கு மூண்ட போரில் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினர்; ஆகஸ்ட் இறுதியில் உள்ளூர்ப் படைகள் சோமாலிலாந்து ராணுவத்தை விரட்டின. ஆனால் வென்றவர்கள் பன்ட்லாந்திடம் திரும்பவில்லை. ‘எஸ்.எஸ்.சி.–காதுமோ’ (சூல், சனாக், அய்ன் வட்டாரங்களின் முதலெழுத்துகள்) என்ற பெயரில் நேரடியாக மொகதிசுவின் கீழ் நிர்வாகம் அமைத்தனர். 2023 அக்டோபரில் மைய அரசு அதை ஏற்றது. 2025இல் அது ‘வடகிழக்கு மாநிலம்’ என்ற உறுப்பு மாநிலமாயிற்று. பன்ட்லாந்து இதைக் கடுமையாக எதிர்க்கிறது. எனவே இருபக்க வழக்கு இன்று முப்பக்க வழக்கு.

17. கால்காயோ எந்த மாநிலத்தைச் சேர்ந்தது?

வடபாதி பன்ட்லாந்து, தென்பாதி கல்முதுக். ஊரின் குறுக்கே மதில் ஏதும் இல்லை. எந்தத் தெருவோடு எந்த ஆட்சி முடிகிறது என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். 1993இல் அப்துல்லாஹி யூசுப்பும் மொகதிசுவின் போர்க்குழுத் தலைவர் ஜெனரல் அய்தீதும் செய்துகொண்ட முதுக் சமாதான உடன்பாட்டின் வழிவந்த பிரிவு இது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சண்டை மூண்டு ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்.

18. 2024இல் பன்ட்லாந்து சோமாலியாவிலிருந்து விலகிவிட்டது என்றார்களே? அப்படியானால் முதல் பதில் தவறில்லையா?

தவறில்லை, ஆனால் கேள்வி மிகச் சரியானது. தற்காலிக அரசியலமைப்பு வெளியுறவு, தேசப் பாதுகாப்பு, குடியுரிமையும் குடியேற்றமும், பணக்கொள்கை ஆகிய நான்கை மையத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்ற அதிகாரங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு விட்டுவிட்டது. அந்தப் பேச்சு முடியவே இல்லை. இந்நிலையில் 2024 மார்ச் 30 அன்று மைய நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் நான்கு அத்தியாயங்களைத் திருத்தியது. பிரதமரை நியமிப்பதில் அதிபரின் கையை அது வலுப்படுத்தியது. தங்கள் ஒப்புதல் இன்றி நிறைவேறிய திருத்தம் செல்லாது என்று கூறி, மார்ச் 31 அன்று பன்ட்லாந்து மைய அரசை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

அது அறிவித்த சொற்களைக் கவனிக்க வேண்டும். சோமாலியர் அனைவரும் ஏற்கும் அரசியலமைப்பு ஒன்று பொது வாக்கெடுப்பில் நிறைவேறும் வரை தனித்து இயங்குவோம் என்றது. நாட்டிலிருந்து விலகவில்லை, நடப்பு மைய அரசையும் அதன் திருத்தத்தையும் மட்டும் மறுத்தது. முதல் பதிலில் சொன்ன கால வரிசை இங்கேதான் உதவுகிறது. உடன்பாட்டில் கையெழுத்திட்ட ஒரு தரப்பாகப் பன்ட்லாந்து தன்னை நினைக்கிறது. நாடாளுமன்றப் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்ட உறுப்பாக மொகதிசு அதை நினைக்கிறது. 2024 நவம்பரில் தெற்கிலுள்ள ஜுபாலாந்து மாநிலமும் மையத்துடன் உறவை முறித்தபின், இந்த வாதம் ஒரு மாநிலத்தின் தனிப்பட்ட பிடிவாதம் என்று ஒதுக்க முடியாததாகிவிட்டது.

19. வகுப்பில் வரைபடம் வரைந்து காட்ட வேண்டும். கோட்டை எங்கே போடுவது?

சோமாலியாவின் பன்னாட்டு எல்லையை முழுக் கோடாகப் போடுங்கள். அதற்குள் பாரி, நுகால், வட முதுக் ஆகியவற்றை ஒரே நிறத்தில் தீட்டிப் பன்ட்லாந்து என்று எழுதுங்கள். கர்கார் போன்ற வட்டாரங்கள் பின்னாளில் இவற்றிலிருந்து பிரிக்கப்பட்டவை என்பதால் தனியே காட்ட வேண்டியதில்லை. சூல், சனாக், அய்ன் மூன்றுக்கும் சாய்கோடுகள் இட்டு, அருகில் உரிமை கோரும் மூவரின் பெயரையும், நீங்கள் வரைந்த ஆண்டையும் குறித்துவிடுங்கள். கால்காயோவுக்குப் புள்ளி வைக்கும்போது எல்லைக் கோடு அந்தப் புள்ளியின் நடுவே செல்லட்டும்.